3,500 கிலோ என்ற எண்ணுக்குப் பின்னால்: லேண்ட் க்ரூசர் 300-ல் கேரவன் இழுக்க முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவில் பெரிய எஸ்யூவி வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு இழுக்கும்?" என்பதுதான். பதிலும் தயாராக இருக்கும்: 3,500 கிலோ. டொயோட்டா லேண்ட் க்ரூசர் 300, லெக்சஸ் எல்எக்ஸ், நிசான் பேட்ரோல், லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 என்று எதைக் கேட்டாலும் இதே எண்தான் வரும். பாதி விலைக்குக் கிடைக்கும் ஹைலக்ஸ், ரேஞ்சர் போன்ற, பின்னால் திறந்த தட்டு உள்ள யூட் வண்டிகளுக்கும் அதே 3,500 தான். அப்படியிருக்க, ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துப் பெரிய வண்டி வாங்குவானேன்?

அந்த எண்ணுக்காக வாங்கினால் பணம் வீண் என்பது என் உறுதியான கருத்து. குடும்பமும் சாமான்களும் ஏறி, பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான கேரவனையும் மாட்டிய பிறகு சட்டப்படி இன்னும் எத்தனை கிலோ மிச்சம் இருக்கிறது, பின்னால் வருவது ஆடினால் அதை அடக்கும் அளவுக்கு முன்னால் போவது கனமாக இருக்கிறதா, இந்த இரண்டையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விளம்பரம் இவற்றைச் சொல்லாது. உட்கார்ந்து கணக்குப் போட்டால் தெரியும்.

லேண்ட் க்ரூசர் 300-ஐ எடுத்துக்காட்டாக வைத்து எழுதுகிறேன். 1950களின் இறுதியில் ஸ்னோயி மவுண்டன்ஸ் நீர்மின் திட்டத்துக்காக ஒப்பந்ததாரர் லெஸ்லி தீஸ் இந்தக் குடும்பத்து வண்டிகளை முதன்முதலில் இங்கே இறக்குமதி செய்தார். அன்றிலிருந்து இந்த நாட்டின் உட்பகுதிச் சாலைகளோடு இவற்றுக்கு நெருக்கமான உறவு உண்டு. கணக்கு முறை எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். எண்களை மட்டும் உங்கள் வண்டியின் கதவோரத்தில் உள்ள எடை விவரத் தகட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எடைகளின் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் வண்டிப் பக்கம். டேங்க் நிறைய எரிபொருளோடு, ஆளும் சாமானும் இல்லாமல் நிற்கும் வண்டியின் எடை கெர்ப் எடை. அது அதிகபட்சம் எவ்வளவு எடையோடு சாலையில் போகலாம் என்ற வரம்பு ஜிவிஎம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பேலோடு, அதாவது நீங்கள் ஏற்றக்கூடிய சுமை.

கேரவன் பக்கம், வெறும் கேரவனின் எடை டேர். சாமான், தண்ணீர், எரிவாயு எல்லாம் சேர்த்து, வண்டியில் மாட்டாமல் தனியே நிற்கும்போது அது தாண்டக்கூடாத எடை ஏடிஎம். வண்டியில் மாட்டிய பிறகு கேரவனின் சொந்தச் சக்கரங்கள் மட்டும் தாங்கும் எடையின் வரம்பு ஜிடிஎம். மீதி எடை எங்கே போகிறது? வண்டியின் பின்புறக் குமிழ் மேல் இறங்குகிறது. அதற்கு டோ பால் எடை என்று பெயர்.

வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்த எடையின் வரம்பு ஜிசிஎம். லேண்ட் க்ரூசர் 300-க்கு இது 6,750 கிலோ.

பலர் தடுமாறும் இடம் டோ பால் எடைதான். அது கேரவனின் எடை என்று நினைத்துவிடுகிறார்கள். மாட்டிய அந்த நொடியிலிருந்து அது வண்டியின் சுமை. உங்கள் பேலோடிலிருந்துதான் கழியும். லேண்ட் க்ரூசரில் இதற்கு அதிகபட்சம் 350 கிலோ அனுமதி உண்டு.

படி 2: வாங்கும் முன் சாப்பாட்டு மேசையிலேயே கணக்குப் போடுங்கள்

2021-ல் வந்த சஹாரா ஜட்எக்ஸ் என்ற உச்ச மாடலை எடுப்போம். கெர்ப் எடை 2,610 கிலோ. ஜிவிஎம் 3,280 கிலோ. பேலோடு 670 கிலோ. கேட்டதும் நிறைய இருப்பதாகத்தான் தோன்றும்.

அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளைகள் இருவர்: 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏடிஎம் 3,000 கிலோ உள்ள கேரவன், அதன் பத்து சதவீதம் டோ பால் எடை: 300 கிலோ. இப்போதே 550 ஆகிவிட்டது. மிச்சம் 120. கங்காருவுக்குப் பயந்து முன்னால் ஒரு இரும்புத் தடுப்பு (புல் பார்) போட்டால் சுமார் 60 கிலோ. பின்னால் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், அதன் சறுக்குத் தட்டு, உள்ளே பாலும் இறைச்சியும் காய்கறியும் சேர்த்து இன்னொரு 60. மிச்சம் பூஜ்யம். கூரை ரேக், சேற்றிலிருந்து மீட்கும் கயிறு, கருவிப் பெட்டி, ஆளுக்கொரு பை எதையும் இன்னும் ஏற்றவே இல்லை.

கவனியுங்கள், 3,500 கிலோ வரம்பை நாம் தொடக்கூட இல்லை. 3,000-லேயே வண்டி நிறைந்துவிட்டது.

இதே வண்டியின் அடிப்படை மாடலான ஜிஎக்ஸ்-ன் கெர்ப் எடை 2,495. பேலோடு 785. ஜிஎக்ஸ்எல்-க்கு 700. ஏழு இருக்கை சஹாராவுக்கு 650 தான். விலை ஏற ஏறப் பேலோடு இறங்குவதுதான் பொதுவான போக்கு. மின்சாரத்தில் மடியும் இருக்கை, சன்ரூஃப், குளிர்காற்று வீசும் தோல் இருக்கை எல்லாவற்றுக்கும் எடை உண்டு. 2021-ல் இந்த வண்டி அறிமுகமானபோது, சாலைச் செலவுகள் நீங்கலாக ஜிஎக்ஸ் 89,990 டாலர், சஹாரா ஜட்எக்ஸ் 1,38,790 டாலர். அதாவது 48,800 டாலர் அதிகம் கொடுத்து 115 கிலோ ஏற்றும் திறனை இழக்கிறோம். அன்று என்ஜின் இரண்டிலும் ஒன்றே: 3.3 லிட்டர் வி6 ட்வின் டர்போ டீசல், 227 கிலோவாட், 700 நியூட்டன் மீட்டர், பத்து கியர் ஆட்டோமேட்டிக்.

சொகுசு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பத்து மணி நேரம் ஓட்டுகிறவருக்கு நல்ல இருக்கையும் அமைதியான கேபினும் அத்தியாவசியம்; களைப்பு குறைந்தால் விபத்தும் குறையும். ஆனால் அந்த சொகுசுக்கான விலையை டாலரில் மட்டுமல்ல, கிலோவிலும் கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

பின் அச்சின் கணக்கு இன்னும் கூர்மையானது. வண்டியின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.85 மீட்டர். குமிழ் பின் அச்சிலிருந்து சுமார் 1.3 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், அங்கே 300 கிலோ இறங்கும்போது பின் அச்சின் மேல் ஏறுவது 300 அல்ல, ஏறக்குறைய 437 கிலோ. அந்தக் கூடுதல் 137 கிலோ முன் அச்சிலிருந்து கழிகிறது. வண்டியின் மூக்கு தூக்குவது இதனால்தான். திருப்புகிற சக்கரமும் பிரேக்கின் பெரும் பங்கைத் தாங்குகிற சக்கரமும் அங்கேதான் இருக்கின்றன. எனவே ஜிவிஎம்-க்குள் இருந்தாலும் பின் அச்சின் வரம்பைத் தாண்டியிருக்கலாம். தகட்டில் அந்த எண் தனியே இருக்கும், பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேலோடு போதாவிட்டால் ஜிவிஎம் உயர்த்தும் வழி உண்டு. கனமான ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் போட்டுச் சான்றிதழ் வாங்குவார்கள். முதல் பதிவுக்கு முன் செய்தால் மத்திய அரசின் ஒப்புதல் நாடெங்கும் செல்லும். பதிவுக்குப் பின் என்றால் அந்தந்த மாநில விதி. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: ஜிவிஎம் உயர்ந்தால் ஜிசிஎம்-மும் உயரும் என்று பொருளல்ல. ஜிசிஎம் 6,750-லேயே நின்று, ஜிவிஎம் 3,800 ஆக உயர்ந்து, அந்த 3,800-ஐயும் நிரப்பிவிட்டீர்கள் என்றால், கேரவனின் சக்கரங்களுக்கு மிஞ்சுவது 2,950 கிலோதான்.

படி 3: கேரவனை வண்டிக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்

வழக்கமாக நடப்பது தலைகீழ். கண்காட்சியில் கேரவன் பிடித்துவிடும், முன்பணம் கட்டிவிடுவார்கள், அதன் பிறகு வண்டி தேடுவார்கள்.

லேண்ட் க்ரூசர் 300 வைத்திருக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு என் பரிந்துரை, ஏடிஎம் 2,500 முதல் 2,800 கிலோ. சட்டம் அதற்கு மேலும் அனுமதிக்கிறது. ஆனால் பின்னால் வருவது முன்னால் போவதைவிடக் கனமாக இருக்கக் கூடாது என்ற பழைய விதியை நான் விடுவதாக இல்லை. லேண்ட் க்ரூசர் போன்ற வண்டியின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரிகிறது. ஆட்களோடு மூன்று டன்னை நெருங்கும் வண்டி, 2,700 கிலோ கேரவன் பக்கவாட்டில் உலுக்கும்போது அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதே கேரவனை இரண்டு டன் சொச்ச யூட் இழுத்தால், லாரி ஒன்று கடந்து போகும்போது டிரைவரின் முதுகுத்தண்டுக்கே அது தெரியும். காகிதத்தில் இரண்டுக்கும் 3,500 தான்.

டேருக்கும் ஏடிஎம்-க்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். 400 கிலோ என்றால் குறைவு. 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு நிரப்பினாலே 190 போய்விடும்.

வெஸ்டர்ன் சிட்னியில் டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் இருக்கும் நம் குடும்பங்கள் இன்னொன்றையும் அளக்க வேண்டும்: வீட்டு டிரைவ்வே. ஏழு மீட்டர் கேரவனை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் வாங்கினால், சேமிப்பு வாடகை வருடம் முழுக்க ஓடும்.

படி 4: சாதனங்கள்

இழுக்கப்படும் வண்டியின் பிரேக் பற்றி ஆஸ்திரேலியச் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஜிடிஎம் 750 கிலோ வரை பிரேக் தேவையில்லை. 2,000 கிலோ வரை ஒரு அச்சின் இரு சக்கரங்களிலாவது வேண்டும். 2,000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக், அதை டிரைவர் இருக்கையிலிருந்தே இயக்கும் வசதி, கேரவன் கழன்றுகொண்டால் தானாகப் பிரேக் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் பிடித்தபடியே இருக்கும் பிரேக்அவே அமைப்பு, மூன்றும் கட்டாயம். ஏடிஎம் 2,500-ஐத் தாண்டினால் பாதுகாப்புச் சங்கிலி இரண்டு.

மின் பிரேக் கன்ட்ரோலரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதை உணர்ந்து அதே அளவில் கேரவன் பிரேக்கையும் இயக்கும் வகையை வாங்குங்கள். கேரவன் பிரேக்கை மட்டும் கையால் இயக்க அதில் இருக்கும் குமிழ் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஆபத்தில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் குமிழ்தான்; டேஷ்போர்டின் அடியில் ஒளித்துப் பொருத்துவதை ஏற்காதீர்கள்.

கேரவன் ஏறக்குறைய 2.5 மீட்டர் அகலம். வண்டி இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எனவே நீட்டுக் கண்ணாடிகள் வேண்டும். இழுக்காதபோது கழற்றிவிடுங்கள்.

சாலைப் பயணத்துக்கு 50 மில்லிமீட்டர் டோ பால் குமிழே 3,500 கிலோ வரை போதும். கரடுமுரடான பாதைக்கு எல்லாத் திசையிலும் சுழலும் டிஓ35 போன்ற இணைப்பு நல்லது. சாதாரணக் குமிழ் இணைப்பு பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும்.

மூக்கு தூக்குவதைச் சரிசெய்ய எடைப் பகிர்வுக் கொக்கி என்று ஒன்று உண்டு. இரண்டு ஸ்பிரிங் தண்டுகள் பின் அச்சின் சுமையில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் கேரவன் அச்சுக்கும் தள்ளும். சாலையில் நன்மை. ஆனால் இதனால் ஜிவிஎம் வரம்போ டோ பால் வரம்போ உயராது. எல்லா உற்பத்தியாளரும் இதை அனுமதிப்பதும் இல்லை, குறிப்பாக ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் கையேட்டைப் படிக்காமல் மாட்டாதீர்கள். ஆழமான ஓடைப் பள்ளத்தில் இறங்கும் முன் தண்டுகளைக் கழற்றிவிட வேண்டும்.

படி 5: சாமான் ஏற்றுவது

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிய தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கும். கேரவனும் அப்படித்தான். ஏடிஎம்-ல் பத்து சதவீதம் அளவுக்கு முன்பாரம் வேண்டும். அதைவிட மிகக் குறைந்தால், வேகம் ஏறும்போது கேரவன் பாம்பு நெளிவது போல ஆடத் தொடங்கும்.

கனமானவை அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக. தகர டப்பா உணவு, கருவி, பேட்டரி எல்லாம் அங்கே. மேல் அலமாரியில் துணி, ரொட்டி, காகிதத் தட்டு. பின் பம்பரில் சைக்கிள் மாட்டுவது, இரண்டு ஸ்டெப்னி தொங்கவிடுவது, கூடவே ஒரு ஜெனரேட்டர் பெட்டி என்று சேர்த்துக்கொண்டே போவது ஆபத்து. டோ பால் எடை குறைவதோடு நிற்பதில்லை. அச்சிலிருந்து அவ்வளவு தூரத்தில் எடை இருப்பதால், ஆடத் தொடங்கிய கேரவன் நிற்க மறுக்கும். முன்புறப் பெட்டியையும் நிரப்பிவிட்டால் டோ பால் எடை எண் சரியாகத் தெரியும். இரு முனையிலும் கனம் இருப்பதால் ஆட்டம் மட்டும் அடங்காது. அதனால்தான் நடுவில் ஏற்றுங்கள் என்று இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று படுத்துப் பாருங்கள். அச்சுக்கு முன்னால் இருக்கும் தொட்டி காலியாகக் காலியாக டோ பால் எடை குறையும். பின்னால் இருந்தால் கூடும். எதை முதலில் காலி செய்வது என்று தீர்மானிக்க இது தேவை.

படி 6: எடை மேடைக்குப் போங்கள்

இதுவரை போட்டது எல்லாம் ஊகம். பயணத்துக்கு எப்படிக் கிளம்புவீர்களோ அப்படியே, டேங்க் நிரப்பி, தண்ணீர் நிரப்பி, எல்லோரையும் உட்காரவைத்து, பொது எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். வீட்டுக்கே வந்து எடைபோட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

மேடையில் செய்ய வேண்டியவை நான்கு. கேரவன் மாட்டியபடியே வண்டியின் நான்கு சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றுங்கள். வருவதுதான் வண்டியின் உண்மையான எடை, டோ பால் சுமையும் சேர்ந்தது. ஜிவிஎம்-ஓடு ஒப்பிடுங்கள். அடுத்து முன் சக்கரங்களை வெளியே விட்டுப் பின் அச்சை மட்டும் எடைபோடுங்கள். பிறகு முன்னே நகர்ந்து, கேரவன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்துங்கள். இதை ஜிடிஎம்-ஓடு ஒப்பிட வேண்டும். முதல் எண்ணையும் இதையும் கூட்டினால் வருவதை ஜிசிஎம்-ஓடு. கடைசியாகக் கேரவனைக் கழற்றி, ஜாக்கி சக்கரமும் (கேரவனின் முன்பக்கத்தைத் தாங்கும் சிறு சக்கரம்) மேடையில் இருக்கத் தனியே எடைபோட்டு ஏடிஎம்-ஓடு. இந்தக் கடைசி எண்ணிலிருந்து மாட்டியபோது வந்த கேரவன் எடையைக் கழித்தால் டோ பால் எடை கிடைத்துவிடும். எடைப் பகிர்வுக் கொக்கி வைத்திருப்பவர்கள் இந்தக் கழித்தலுக்கு மட்டும் தண்டுகளைத் தளர்த்திவிட்டு எடைபோட வேண்டும்.

சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வரம்பு மீறிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்க முடியும். போலீஸ் அபராதம் அதற்குப் பக்கத்தில் சிறிய விஷயம்.

படி 7: மாட்டுவது

ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செய்யுங்கள், இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்குங்கள். கேரவன் சக்கரத்துக்குக் கட்டை. வண்டியைப் பின்னால் கொண்டுவந்து குமிழை நேர்ப்படுத்துதல். இறக்கி, பூட்டு விழுந்ததா என்று கண்ணால் பார்த்து, ஜாக்கி சக்கரத்தைச் சுற்றிச் சற்று மேலே தூக்கிப் பார்த்தல். வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு சரி. சங்கிலிகளைக் குறுக்காக மாட்டி ஷாக்கிள் திருகை இறுக்குதல். பிரேக்அவே கம்பி. மின் இணைப்பு, ஃப்ரிட்ஜுக்கான ஆண்டர்சன் பிளக். ஜாக்கி சக்கரத்தை உயர்த்திப் பூட்டுதல். கேரவன் கைப்பிரேக்கை விடுவித்தல். விளக்குகளை இன்னொருவர் பின்னால் நின்று சரிபார்த்தல். படிக்கட்டு, கூரைச் சன்னல், எரிவாயு வால்வு.

தெருவில் இறங்கியதும் 30 கி.மீ. வேகத்தில் கன்ட்ரோலர் குமிழை மட்டும் அழுத்துங்கள். கேரவன் உங்களைப் பின்னால் பிடித்து இழுப்பது தெரிய வேண்டும், சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கக் கூடாது.

படி 8: சாலையில்

700 நியூட்டன் மீட்டர் இருப்பதால் வேகம் எளிதில் ஏறும். இந்த வண்டிகளின் ஆபத்தே அதுதான்; பின்னால் மூன்று டன் இருப்பது கேபினுக்குள் தெரியாது. 90 முதல் 95 கி.மீ. போதும். நியூ சவுத் வேல்ஸில் ஜிசிஎம் 4.5 டன்னுக்கு மேல் உள்ள இணைப்புக்கு உச்ச வேகமே 100 தான். வண்டியும் கேரவனும் சேர்ந்து 7.5 மீட்டரைத் தாண்டும் என்பதால், ஊருக்கு வெளியே முன்னால் போகும் இன்னொரு நீள வண்டிக்கு 60 மீட்டர் இடைவெளி விட வேண்டும். முந்திச் செல்லும்போது இது பொருந்தாது. ஓடும் கேரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது, தூங்கும் குழந்தையாக இருந்தாலும்.

இறக்கத்தில் வேகத்தை மேலே இருக்கும்போதே குறையுங்கள். வல்லங்காங்குக்கு இறங்கும் மவுண்ட் ஓஸ்லி போன்ற நீண்ட சரிவில் கியரை நாமே தேர்ந்தெடுக்கும் எஸ் நிலைக்குக் கொண்டுவந்து, கீழ்க் கியரில் என்ஜினே பிடித்து நிறுத்தும்படி விடுங்கள். பிரேக்கை இடைவெளி விட்டு விட்டு அழுத்துங்கள், தொடர்ந்து மிதித்துக்கொண்டே இருந்தால் சூடேறி வேலை செய்யாமல் போகும். ஏற்றத்தில் பத்தாவது கியருக்கும் ஏழாவதுக்குமாக அலைந்துகொண்டிருந்தால் நீங்களே ஒரு கியரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்; கியர்பாக்ஸ் எண்ணெய் சூடாவது குறையும்.

கேரவன் ஆடத் தொடங்கினால் என்ன செய்வது? ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், எதிர்த்திசையில் திருப்பி அடக்க முயலாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். கால் பிரேக்கைத் தொடாமல், கன்ட்ரோலர் குமிழை அழுத்திக் கேரவன் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். பின்னால் இருப்பது பின்னுக்கு இழுக்கும்போது கோடு நேராகும். வண்டியின் ஆட்டக் கட்டுப்பாட்டு அமைப்பு தானும் தன் வேலையைச் செய்யும். நின்றதும் பாரத்தை மாற்றி ஏற்றாமல் பயணத்தைத் தொடராதீர்கள். ஒருமுறை ஆடியது மறுபடி ஆடும்.

ரிவர்ஸ் எடுக்கும்போது கையை ஸ்டியரிங்கின் அடியில் வையுங்கள். கேரவன் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான மைதானத்தில் பழகிக்கொண்டு பிறகு கேரவன் பார்க்குக்குப் போங்கள்.

எரிபொருள்: டொயோட்டா சொல்லும் 100 கி.மீ.-க்கு 8.9 லிட்டர், எதையும் இழுக்காதபோது. கேரவனோடு 100 கி.மீ.-க்கு 16 முதல் 20 லிட்டர் எதிர்பாருங்கள். 110 லிட்டர் டேங்கில் 500 கி.மீ.-க்கு ஒருமுறை நிரப்பத் திட்டமிடுவதே நல்லது. நல்லர்பார் சமவெளியில் மேற்கு நோக்கிப் போகும்போது எதிர்க்காற்று வீசினால் அதுவும் குறையும். இதற்கு முந்தைய லேண்ட் க்ரூசர் 200 மாடலில் 138 லிட்டர் டேங்க் இருந்தது. நெடுந்தூரம் போகிறவர்கள் அதை இன்னும் நினைத்து ஏங்குவது நியாயம்தான்.

படி 9: தார் முடியும் இடத்தில்

கிப் ரிவர் ரோடு போன்ற, அலை அலையாகப் பள்ளம் விழுந்த செம்மண் சாலையில் வண்டி, கேரவன் இரண்டின் டயர் காற்றையும் குறைத்து வேகத்தையும் குறையுங்கள். வண்டிக்கு மட்டும் குறைத்துக் கேரவனை மறந்தால் அலமாரி திருகுகள் கழன்று உள்ளே எல்லாம் கொட்டிக் கிடக்கும். தார்ச் சாலை ஏறியதும் காற்றை நிரப்புங்கள். மணலில் கேரவனோடு சிக்கிக்கொண்டால், முதலில் கழற்றி வண்டியை மட்டும் வெளியே எடுப்பது பெரும்பாலும் சுலபம். மீட்கும்போது டோ பால் குமிழில் கயிறு மாட்டவே கூடாது. இழுவிசையில் அது முறிந்து குண்டு போலப் பறந்து ஆளைக் கொன்ற சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன.

படி 10: கொடுத்த காசுக்கு மதிப்பு உண்டா?

ஆஸ்திரேலியாவில் சொகுசு கார் வரி 33 சதவீதம். 2024-25 நிதியாண்டில் அதற்கான வரம்பு 80,567 டாலர். இந்த வரி சேர்க்காத, ஆனால் ஜிஎஸ்டி சேர்த்த மதிப்பு 1,30,000 டாலர் என்றால், வரம்பைத் தாண்டிய 49,433 டாலரில் ஜிஎஸ்டி பங்கை நீக்கி (பதினொன்றில் பத்துப் பங்கு), அதில் 33 சதவீதம்: ஏறக்குறைய 14,830 டாலர் வரி. ஒப்படைக்கும் முன் டீலர் பொருத்தும் துணைக்கருவிகளின் விலையும் இந்த மதிப்பில் சேரும். இவ்வளவு வரி கட்டியும் இழுக்கும் திறன் ஒரு கிலோகூடக் கூடுவதில்லை.

மறுபக்கம், மறுவிற்பனை. லேண்ட் க்ரூசர் இங்கே மதிப்பு இழப்பது மெதுவாகத்தான். சிப் தட்டுப்பாட்டால் காத்திருப்புப் பட்டியல் நீண்ட காலத்தில், ஓடிய வண்டிகள் புது விலையைத் தாண்டி விற்றன. அது அசாதாரணமான காலம், அதை நம்பி இன்று வாங்கக் கூடாது. சாதாரண நாளிலும் ஐரோப்பிய சொகுசு எஸ்யூவிகளைவிட இது விலையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சர்வீஸ் ஆறு மாதம் அல்லது 10,000 கி.மீ.-க்கு ஒருமுறை என்பதைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது? கேரவன் இரண்டு டன்னுக்குள் என்றால் லேண்ட் க்ரூசர் 300 தேவையே இல்லை, டொயோட்டாவின் பிராடோ போதும், மிச்சப் பணத்தில் வருடக்கணக்காகப் பயணம் போகலாம். வருடத்துக்கு இரண்டு வாரம் மட்டும் இழுப்பவர் வாடகைக் கேரவனைப் பற்றி யோசிக்கட்டும். பெட்ரோல் செலவு பொருட்டில்லை என்றால் நிசான் பேட்ரோலின் 5.6 லிட்டர் வி8 குறைந்த விலையில் நன்றாக இழுக்கும். மூன்று டன்னுக்கு மேல் கேரவன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு நான் லேண்ட் க்ரூசரைச் சொல்ல மாட்டேன். 70 மில்லிமீட்டர் டோ பால் குமிழில் 4,500 கிலோ வரை இழுக்கும் ராம் 1500 போன்ற வண்டியைப் பார்க்கட்டும். 2,500 முதல் 2,800 கிலோ கேரவனோடு நாடு சுற்றும் குடும்பத்துக்கு லேண்ட் க்ரூசர் 300 கொடுத்த காசுக்குத் தகும், அதிலும் ஜிஎக்ஸ் அல்லது ஜிஎக்ஸ்எல். எனக்கு ஜிஎக்ஸ்எல் பிடிக்கும்: ஏழு இருக்கை, 700 கிலோ பேலோடு, வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வசதி.

ஓடிய 200 மாடல் வாங்குகிறவர்கள், முந்தைய உரிமையாளர் என்ன இழுத்தார் என்று கேளுங்கள். படகு என்றால் பின் சேஸிஸில் உப்பு நீர்த் துரு இருக்கிறதா என்று அடியில் படுத்துப் பாருங்கள். டோ பார் ரிசீவரின் (இழுக்கும் கொக்கியைச் செருகும் குழாய்) துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் நிறைய இழுத்த வண்டி. கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டரைத் தாண்டி உட்பக்கம் விரலை வைத்துத் தடவுங்கள். செம்மண் தூசி ஒட்டினால் அந்த என்ஜின் அதைச் சுவாசித்திருக்கிறது, வேறு வண்டி பாருங்கள். டீசல் வி8-ல் ஆல்டர்னேட்டர் தாழ்வாக இருப்பதால் சேற்றில் ஓடிய வண்டியில் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஜிவிஎம் உயர்த்தியதாகச் சொன்னால், கதவோரத் தகட்டையும் சான்றிதழையும் நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.